ஓவியத்தின் அளவையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், கண்ணில் காணும் பொருள் எதையும் வரைந்து காட்டாத அரூப ஓவியத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழ்களில் இது அபூர்வம், நன்றி. ஆனால் அந்தப் பக்கம் செய்த சில காரியங்கள், கட்டுரை எதை விளக்க முயன்றதோ அதையே மறைத்துவிட்டன.

நான்கு படங்கள் வந்திருந்தன: மாலெவிச்சின் கறுப்புச் சதுரம், ஜாக்சன் போலாக்கின் 'ஒன்று: எண் 31', மார்க் ராத்கோவின் ஒரு சிவப்புப் படம், நம் நாட்டு வி.எஸ்.காய்தொண்டேயின் ஒரு படம். நான்கும் ஒரு பத்தி அகலம், அதாவது 5 செ.மீ. எதன் கீழும் அளவு இல்லை, ஆண்டு இல்லை, எதனால் தீட்டப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. மாலெவிச்சின் சதுரம் பக்கத்துக்கு 79.5 செ.மீ. உங்கள் பக்கத்தில் அது பதினாறு மடங்கு சுருங்கியிருக்கிறது. போலாக்கின் படம் 269.5 செ.மீ. உயரம், 530.8 செ.மீ. நீளம். அது நூறு மடங்குக்கு மேல் சுருங்கியிருக்கிறது. ஒருவர் நின்றபடி கை நீட்டி வரையக்கூடிய சதுரமும், ஒரு வீட்டுக் கூடத்தின் சுவரை நிறைக்கும் துணியும் அக்கம்பக்கத்தில் இரண்டு தபால்தலை மாதிரி நிற்கின்றன. அதற்கு மேலே 'இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?' என்று தலைப்பு. ஒரு வீணையையும் ஒரு வீட்டையும் ஒரே அளவுப் படமாகப் போட்டுவிட்டு எது எதற்குப் பயன்படும் என்று கேட்டால் வாசகர் என்ன சொல்வார்?

முதலில் ஒரு திருத்தம். 'உலகின் முதல் அரூப ஓவியத்தை 1910-ல் காந்தின்ஸ்கி வரைந்தார்' என்று கட்டுரை சொல்கிறது. பாரிஸின் பாம்பிடூ மையத்தில் உள்ள அந்த நீர்வண்ணப் படத்தில் 1910 என்று அவர் கையெழுத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் வடிவங்கள் 1913-ல் அவர் தீட்டிய 'கம்போசிஷன் 7' ஓவியத்தோடு அவ்வளவு ஒத்துப்போவதால், தேதி பின்னால் போடப்பட்டது என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மாலெவிச்சும் இதே வேலையைச் செய்தவர்: 1915-ல் தீட்டிய கறுப்புச் சதுரத்துக்கு 1913 என்று தேதி கொடுத்தார். யார் முதல் என்ற போட்டியில் ஆண்கள் தேதியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஸ்வீடனில் ஹில்மா அஃப் க்ளிண்ட் 1906-லேயே பொருள் எதையும் சுட்டாத படங்களைத் தொடங்கிவிட்டார். 1907-ல் அவர் தீட்டிய 'பத்துப் பெரியவை' ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். காகிதத்தில் டெம்பரா (முட்டை போன்ற பசையில் குழைத்த வண்ணம்), பிறகு அது துணியில் ஒட்டப்பட்டது. தான் இறந்து இருபது ஆண்டுகள் வரை அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு 1944-ல் இறந்தார். அதனால்தான் பழைய பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லை. இன்னும் பின்னால் போனால், ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற ஆங்கிலேயப் பெண் 1871-ல் லண்டனில் 155 நீர்வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார். சுருளும் கோடும் நிறமுமாக இருக்கும் படங்கள் அவை. 'முதல்' என்ற சொல்லையே இந்த விஷயத்தில் கைவிடுவது நல்லது.

'நவீன ஓவியம்' என்ற சொல்லும் கட்டுரையில் எல்லாவற்றுக்கும் பொதுவாக வருகிறது. நம் ஊரில் புரியாத எதையும் 'மாடர்ன் ஆர்ட்' என்று சொல்லிச் சிரிக்கும் பழக்கம் இருக்கிறது, அது வேறு. அரூபத்துக்குள்ளேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணால் கண்டதிலிருந்து கழித்துக்கொண்டே போவது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1908 வாக்கில் மரத்தை மரமாகவே தீட்டினார். 1911-ல் சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. சில ஆண்டுகளில் கடலும் அலைதடுப்பும் வெறும் கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளுமாக நின்றன. வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த இடத்திலும் தாவல் இல்லை. மற்றொன்று, எதிலிருந்தும் தொடங்காதது. மாலெவிச்சின் சதுரம் எந்தச் சன்னலின் சுருக்கமும் இல்லை. முதல் வகையிடம் 'இது எதிலிருந்து வந்தது?' என்று கேட்கலாம், பதில் கிடைக்கும். இரண்டாம் வகையிடம் அதையே கேட்பதால்தான் ஏமாற்றம்.

'தோடி ஆலாபனைக்கு அர்த்தம் கேட்கிறோமா?' என்ற வழக்கமான ஒப்புமையையும் கட்டுரையாளர் சொல்கிறார். அது பாதிதான் பொருந்தும். தோடியின் ஆரோகணமும் அவரோகணமும் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பொதுச்சொத்து. அரூப ஓவியர் ஒவ்வொரு முறையும் தன் இலக்கணத்தைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்ப்பவருக்கு அந்த இலக்கணம் கிடைக்கும் ஒரே இடம், அந்தப் படம் செய்யப்பட்ட விதம். எனவே செய்முறையைச் சொல்லாமல் அர்த்தத்தைப் பேசப் புகுந்தால் மிஞ்சுவது பெயரடைகள் மட்டுமே. உங்கள் பக்கத்தில் வந்த நான்கு படங்களையே எடுத்துக்கொள்வோம்.

போலாக்கின் படத்துக்கு 'கட்டற்ற உணர்ச்சி வெடிப்பு' என்று விளக்கம். அது தரையில் விரித்த துணியில், பெரும்பாலும் பூச்சுத்தளம் (துணிக்கு முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) போடாமல், வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டையும் சேர்த்துச் செய்தது. தூரிகை துணியைத் தொடுவதில்லை. காய்ந்து கட்டியான தூரிகை, குச்சி, பீச்சுகுழல் ஆகியவற்றிலிருந்து வண்ணம் கம்பியாக இறங்குகிறது. வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும்: கம்பிப் பதத்தில் இருக்கும் பாகை ஒரே இடத்தில் உயரத்திலிருந்து ஊற்றினால் கீழே சுருள் சுருளாக விழும். கரண்டியை வேகமாக நகர்த்தினால் கோடாக விழும். போலாக்கின் கோடுகளில் அந்தச் சுருள் மிகக் குறைவு. அப்படியானால் வண்ணத்தின் பதம், கையின் உயரம், நகரும் வேகம் மூன்றும் ஐந்து மீட்டர் நீளத்துக்கும் கட்டுப்பாட்டில் இருந்திருக்கின்றன. யாராவது சந்தேகப்பட்டால் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, எனாமலை டர்பன்டைன் விட்டு இளக்கி முயன்று பார்க்கலாம். அதிகம் இளக்கினால் கோடு துணியில் ஊறி, ஓரம் மங்கி விரியும். போதாவிட்டால் கட்டியாகச் சுருண்டு விழும். ஈரமான கோட்டின் மேல் அடுத்த நிறத்தை ஊற்றினால் இரண்டும் ஓடிக் கலந்து சேறாகும். ஓர் அடுக்குக் காயும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். வெடிப்பு காத்திருப்பதில்லை.

'என் குழந்தைகூட வரையும்' என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 2011-ல் பாஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் அரூப ஓவியர்களின் படங்களைக் குழந்தைகளும் விலங்குகளும் தீட்டியவற்றோடு இணையிணையாக வைத்து மாணவர்களிடம் காட்டினார்கள். ஓவியரின் படத்தைத் தேர்ந்தவை 60 முதல் 70 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 50 வந்திருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எல்லோருக்கும் எல்லா நேரமும் தெரிவதில்லை. இதைவிடப் பெரிதாக யாரும் பெருமை பேச வேண்டாம்.

கறுப்புச் சதுரத்தின் அச்சுப்படம் வழவழப்பான கறுப்பு. மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் உள்ள அசல் முழுக்க வெடிப்புகள். வெடிப்புகளுக்குள்ளிருந்து வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. காரணம், கறுப்பின் கீழே ஏற்கெனவே தீட்டிய படங்கள் இருக்கின்றன. 2015-ல் அந்தக் காட்சியகம் எக்ஸ்ரே ஆய்வில் இரண்டு வண்ண ஓவியங்களைக் கண்டறிந்து அறிவித்தது. அடிவண்ணம் நன்றாகக் காயும் முன் மேலே அடித்தால் மேல்தோல் இறுகிவிடும், அடியிலுள்ளது பிறகும் அசைந்து சுருங்கும், இறுகிய தோல் பிளக்கும். நான்கு பக்கங்களில் எந்த இரண்டும் சரியான இணைகோடுகளும் இல்லை. கையால் இழுத்த சதுரம் அது.

எண்ணெய் வண்ணத்தில் பெரிய நிறப்பரப்புகளைத் தீட்டும் நம் மாணவர்களுக்கு அடிக்கடி நேரும் விபத்தும் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். முதல் பூச்சை டர்பன்டைனில் இளக்கி மெல்லியதாகப் போடுங்கள். அடுத்தவற்றில்தான் ஆளிவிதை எண்ணெய் சேர வேண்டும். நிறத்துக்கு நிறம் காயும் வேகம் மாறும்: அம்பர் என்ற பழுப்பு ஓரிரு நாளில் தொடக் காய்ந்துவிடும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு ஒரு வாரம் தாண்டியும் ஒட்டும். எனவே ஐவரி பிளாக்கைத் தடிப்பாக அடியில் போட்டு அதன் மேல் வேகமாகக் காயும் நிறத்தைப் பூசுவது வெடிப்பை விலைகொடுத்து வாங்குவது. தொட்டால் ஒட்டவில்லை என்பது உள்ளே காய்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. தடித்த பூச்சுக்கு ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். நீரில் இளக்கும் அக்ரிலிக் வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நாளடைவில் தோலாக உரிந்து வரும். அக்ரிலிக்கைக் கெட்டியாக ஊற்றினால் நம் வெயிலில் மேல்தோல் அரை மணிக்குள் இறுகி, உள்ளே நீர் வற்றும்போது பிளக்கும். ஒரே தடவையில் ஊற்றுவதை மூன்று நான்கு மெல்லிய ஊற்றலாகப் பிரித்தால் தப்பிக்கலாம். பூச்சுத்தளமில்லாத துணியில் நிறத்தை ஊறவிட விரும்புகிறவர்கள் எண்ணெய் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். ஹெலன் ஃப்ராங்கென்தாலர் 1952-ல் 'மலைகளும் கடலும்' படத்தை டர்பன்டைனில் நீர்க்க இளக்கிய எண்ணெய் வண்ணத்தால் அப்படித்தான் செய்தார். நிறத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து வளையம் கட்டியது, நாள்பட்ட எண்ணெய் பருத்தி இழையையும் நொறுக்கும். அக்ரிலிக்கில் செய்யும்போதும் வெறும் நீரை அளவில்லாமல் சேர்த்தால் நிறத்தூளைப் பிடித்துவைக்கப் பசை போதாது, துடைத்தால் கையோடு வரும். நீரோடு அக்ரிலிக் மீடியமும் (நிறத்தூள் இல்லாத அக்ரிலிக் பசை) சேர வேண்டும்.

ராத்கோ படத்துக்கு வருவோம். அச்சில் அது தட்டையான சிவப்புச் செவ்வகம். அசலில் ஒரே சிவப்பு கிடையாது. மிக மெல்லிய பல அடுக்குகள், அடியிலுள்ள நிறம் மேலே உள்ளதன் வழியே ஒளிர்கிறது, ஓரங்கள் புகைபோல முடிகின்றன. படத்திலிருந்து சுமார் 45 செ.மீ. தொலைவில் நிற்கச் சொன்னவர் அவர். அங்கே நின்றால் ஓரம் கண்ணுக்குள் அடங்காது, நிறம் மட்டும் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் படத்தில் ஓரம்தான் முதலில் தெரிகிறது, நிறம் பிறகு.

ராத்கோவின் நிறத்துக்கு நேர்ந்த ஒரு கதி, அரூப ஓவியத்தில் பொருள் என்பது எங்கே இருக்கிறது என்று காட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக அவர் தீட்டிய ஐந்து பெரிய படங்கள் 1964-ல் ஓர் உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. வண்ணத்தை அவரே முட்டையோடு கலந்து தயாரித்தார். அதில் லித்தால் ரெட் என்ற சிவப்பும் இருந்தது. அது வெயிலில் வெளுக்கும். கூடத்துக்கோ பெரிய சன்னல்கள், திரைகளை யாரும் இழுத்து மூடவில்லை. கருஞ்சிவப்புப் பரப்பு சில இடங்களில் வெளிர்நீலமாகிவிட்டது, ஏனென்றால் சிவப்பு போன பிறகு கலவையிலிருந்த நீலம் மட்டும் மிஞ்சியது. 1979-ல் இறக்கிக் கிடங்கில் வைத்தார்கள். வார்னிஷ் அடிக்காத, உறிஞ்சும் பரப்பு என்பதால் மேலே தீட்டிச் சரிசெய்ய வழியில்லை. தீட்டினால் பிறகு எடுக்க முடியாது. 2014-ல், பழைய புகைப்படங்களின் நிறத்தை மீட்டெடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்திருந்த நிறத்தை மட்டும் ப்ரொஜெக்டர் ஒளியாகப் படத்தின் மேல் பாய்ச்சிக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் வெளுத்த படம் திரும்பி வந்துவிடும். மரமோ முகமோ உள்ள படத்தில் சிவப்பு வெளுத்தாலும் மரம் மரமாகவே இருக்கும். இங்கே நிறம் போனால் படமே போய்விடுகிறது. சிவப்பு நிறக் குழாய் வாங்கும் முன் அதன் மேலுள்ள ஒளிதாங்கு குறியை (வெளிச்சத்தில் எவ்வளவு வெளுக்கும் என்று சொல்வது) பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அலிசரின் க்ரிம்சன் என்ற கருஞ்சிவப்பும் மலிவான போஸ்டர் வண்ணங்களும் இந்த வகையில் நம்பத் தகாதவை.

நான்காவது, காய்தொண்டே. அவர் தூரிகையைக் குறைத்து உருளையையும் வண்ணக் கத்தியையும் எடுத்துக்கொண்டார். ஈர வண்ணத்தின் மேல் கிழித்த தாள்துண்டுகளை வைத்து அழுத்தி எடுப்பார். தாள் எடுத்துக்கொண்டு போன வண்ணமும் விட்டுச்சென்ற வண்ணமும்தான் அந்தப் படங்களில் மிதக்கும் எழுத்துபோன்ற வடிவங்கள். பிறகு மீண்டும் உருளை. ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான் முடித்தார் என்பதில் ஆச்சரியமில்லை. அவருடைய பிற்காலப் படங்கள் பெரும்பாலும் நிமிர்ந்த செவ்வகங்கள். மேலிருந்து கீழே நிறம் மெல்ல அடர்ந்து இறங்கும். உங்கள் பக்கத்தில் அது படுக்கைவசமாக வந்திருக்கிறது. இடம் போதவில்லை என்று திருப்பியிருப்பார்கள் போலும்.

கட்டுரையில் சென்னை ஒரு வரியோடு முடிந்ததும் வருத்தமே. கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், வாசிக்க முடியாத மலையாளம் போன்ற எழுத்தும் கணிதக் குறிகளும் ஜாதகக் கட்டங்களும் பரப்பை நிரப்புகின்றன. எழுத்து இருக்கிறது, வாசகம் இல்லை. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அவரும் மாணவர்களும் அமைத்தபோது பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணம் கைகொடுத்தது. மேற்கே அரூபம் பெரும்பாலும் நிறப்பரப்பின் வழியாக வந்தது என்றால், சென்னையில் அது கோட்டின் வழியாக வந்தது. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் கறுப்பு மைக்கோடுகளால் காந்தியை வரைந்த கே.எம். ஆதிமூலம், பிறகு நிலம் என்று சொல்லத்தக்க ஆனால் நிலமாக எதையும் வரையாத எண்ணெய் வண்ணப் பரப்புகளுக்கு வந்து சேர்ந்தார். சிற்றிதழ் அட்டைகளில் அவர் கோட்டைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு அரூபத்துக்குள் போக இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் ஓவியம் பழகிய அச்சுதன் கூடல்லூரும், 2022-ல் மறையும்வரை சென்னையில்தான் நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்தார்.

இனி, கேட்க வந்தவை. படத்தின் கீழே ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதனால், எதன் மேல் தீட்டியது), அளவு ஆகியவை ஒரே வரியில் வர வேண்டும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. 'தலைப்பில்லை' என்பதும் ஒரு தலைப்பே, அதை விட்டுவிடக் கூடாது. பத்தி அகலத்துக்காக ஓரம் வெட்டக் கூடாது, ஏனென்றால் அரூபப் படத்தில் ஓரம் என்பது கோட்டின் முடிவைத் தீர்மானிக்கும் இடம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 'படத்தின் பகுதி' என்று போடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் அச்சகத்தின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது புரிகிறது. செய்தித்தாளின் தாளே பழுப்புச் சாம்பல். மையை உறிஞ்சிப் புள்ளியைப் பெரிதாக்கும். ஒரே இடத்தில் விழும் நான்கு மைகளின் அளவும் (ஒவ்வொன்றுக்கும் உச்சம் 100) சேர்ந்து 240 விழுக்காட்டைத் தாண்டினால் காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும். ராத்கோவின் கருமெரூன் போன்ற நிறங்களை இந்த வரம்புக்குள் கொண்டுவந்தால் சேறுதான் வரும். கணினியில் நிறத்தைத் தூக்கிவிட்டால் சேறு போய்ச் சினிமாச் சுவரொட்டி வரும். அதற்குப் பதில் முழுப்படத்தைச் சிறியதாகவும், அதன் அருகே 10 செ.மீ. சதுரத்தில் ஒரு பகுதியை அசல் அளவிலேயும் அச்சிடுங்கள். அடுக்கும் உருளையின் தடமும் அதில்தான் தெரியும். ஆதிமூலத்தின் மைக்கோடுகளை ஹாஃப்டோன் புள்ளியாக்காமல் (சிறு புள்ளிகளாக உடைக்காமல்) கறுப்பு மையில் கோட்டோவியமாக எடுங்கள், கூர்மை போகாது. நம் நாட்டு அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதியின் பென்சில், மைக்கோட்டுப் படங்களை மட்டும் தயவுசெய்து சுருக்கவே சுருக்காதீர்கள். நெருக்கமான இணைகோடுகள் அச்சுப் புள்ளிகளோடு மோதி, அவர் போடாத நெளிகோலம் ஒன்றைப் போட்டுவிடும்.

கடைசியாக, மேல்பக்கம் எது என்ற பிரச்சினை. காந்தின்ஸ்கி ஒரு மாலை மூனிக்கில் தன் அறைக்குத் திரும்பியபோது, எதையும் சுட்டாத ஓர் அற்புதமான படத்தைக் கண்டு திகைத்ததாகவும், அருகே போனால் அது பக்கவாட்டில் சாய்த்துவைத்த தன் படமே என்று தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவருக்குப் பலித்தது என்பதற்காக எல்லாப் படத்தையும் சாய்க்க முடியாது. 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் 'படகு' படத்தை 47 நாள் தலைகீழாக மாட்டியிருந்தது. மோந்திரியான் 1941-ல் வண்ண ஒட்டுநாடாக்களால் செய்த 'நியூயார்க் சிட்டி 1' படம் 1945 முதல் தலைகீழாகவே காட்டப்பட்டு வந்திருக்கிறது என்று 2022-ல்தான் தெரியவந்தது. அது இப்போதும் பழையபடியேதான் தொங்குகிறது. திருப்பினால் எண்பது வருட ஒட்டுநாடா கழன்று விழுந்துவிடலாம் என்ற பயம். உங்கள் பக்கத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. காய்தொண்டேயை நிமிர்த்தி, அளவோடு, வரும் ஞாயிறு மறுபடி அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்
கும்பகோணம்